ஒரு பழைய தீயணைப்பு வண்டியையாவது சேலத்துக்கு விட்டுவையுங்கள்

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தீ என்றால் நல்ல வண்டிதான் போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. நாங்கள் கேட்பது, கழிவு செய்யப்படும் வண்டிகளில் மிகப் பழையதாகப் பார்த்து ஒன்றை இரும்பு விலைக்கு ஏலம் விடாமல் சேலத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பதே. பெயின்ட் அடித்து மேடையில் ஏற்றிவைக்க அல்ல. பம்ப் ஓடித் தண்ணீர் பீய்ச்சுகிற நிலையில் வேண்டும்.

பம்ப்தான் அந்த வண்டியின் உயிர். சக்கரத்தை ஓட்டும் அதே இன்ஜின், நின்ற இடத்தில் பம்பையும் சுழற்றும். கிணற்றில் உறிஞ்சு குழாயை இறக்கியதும் உள்ளிருக்கும் காற்றை முதலில் வெளியேற்றியாக வேண்டும். பிரைமிங் என்பது இதுதான். அதன்பின் வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளும். கணக்குப்படி 10 மீட்டர் ஏறலாம், நடைமுறையில் 7 மீட்டர் ஏறுவதே பெரும்பாடு. ஏற்காட்டு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அங்கே அதுவும் கிட்டாது. ஒரு வாஷர் தேய்ந்திருந்தால் சொட்டுத் தண்ணீர் ஏறாது. எங்கள் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். தொட்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் நாலரை டன். பவர் ஸ்டீயரிங் இல்லாத லாரியில் அந்தப் பாரத்தோடு ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று, நிற்கிற வண்டியின் ஸ்டீயரிங்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே புரிந்துவிடும்.

யார் பராமரிப்பது என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சிற்றூர்களில் தீயணைப்புப் படையே பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். தங்கள் பழைய வண்டிகளைத் தாங்களே பழுது பார்த்து ஊர்வலங்களில் ஓட்டி வருகிறார்கள். சிலி நாட்டில் 1851இல் வால்பரைசோவில் படை தொடங்கிய நாள் முதல் தீயணைப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். நம்மூரில் தீயணைப்பு அரசுப் பணி, அப்படியே இருக்கட்டும். பழைய வண்டியைப் பேணும் பொறுப்பையாவது தன்னார்வலர்களிடம் கொடுங்கள். சங்ககிரி லாரிப் பட்டறைகளில் பழைய டாடா, லேலண்ட் இன்ஜின்களில் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் பாடி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் துறையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு அந்தப் பம்பின் ஒவ்வொரு வால்வும் தெரியும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. தள்ளிப்போட நேரமில்லை என்பது இதனால்தான்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து மாண்ட தீயணைப்பு வீரர்களை நினைத்துத்தான் ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் நடத்துகிறீர்கள். அந்த வாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் முன் இந்த வண்டியை இயக்கிக் காட்டலாம்.

ஏலப் பட்டியலில் கையெழுத்திடும் முன் முடிவெடுங்கள். வண்டியைத் தரும்போது முழுதாகத் தாருங்கள்: ஏணி, மணி, உறிஞ்சு குழாய், பித்தளை முனைகள், கூடவே அதன் லாக் புக்.

இப்படிக்கு,
சேலத்துவாசி ஒருவர்