"நேபாள மார்ட்டினி" சீட்டை ஏன் மாற்றினோம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இதுவரை "நேபாள மார்ட்டினி" என்று சீட்டுக் கட்டி வைத்திருந்த பழைய துப்பாக்கிகளுக்கு, இனி "கஹேந்திரா" என்றுதான் சீட்டு இருக்கும். ஏன் என்று பலர் கேட்டீர்கள். முன்பே வாங்கிப் போனவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய சீட்டில் இருந்த மார்ட்டினி என்பது மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கி. அதை பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் ஏற்றுக்கொண்டது. விசைக்குப் பின்னால் உள்ள லீவரைக் கீழே இழுத்தால், உள்ளே இருக்கும் இரும்புக் கட்டையின் முன்பக்கம் சாய்ந்து குழலின் பின்வாய் திறக்கும். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வரும். அதே இழுப்பில் தோட்டாவை அடிக்கும் ஊசியும் சுடத் தயாராகிவிடும். கட்டையின் மேல் உள்ள பள்ளத்தில் புதுத் தோட்டாவை வைத்து விரலால் தள்ளி, லீவரை மேலே ஏற்றினால் வேலை முடிந்தது. அமெரிக்கரான பீபாடி 1862-இல் காப்புரிமை பெற்ற சாயும் கட்டைக்கு வெளியே தனிச் சுத்தியல் இருந்தது. அதைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். மார்ட்டினி அந்தச் சுத்தியலையே எடுத்துவிட்டு, கட்டைக்குள் ஒரு சுருள்வில்லையும் ஊசியையும் வைத்தார். எங்களுக்கு இந்தத் துப்பாக்கியில் மிகவும் பிடித்தது அந்த ஒரு மாற்றம்தான். பெயரில் வரும் இன்னொருவரான ஹென்றி எடின்பரோக்காரர், குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய வரிகள் அவருடையவை.

கஹேந்திராவை வெளியே பார்த்தால் இதே லீவர், இதே வடிவம். கட்டையைக் கழற்றினால் கதை வேறு: சுருள்வில் இருக்காது, பட்டைவில்தான் இருக்கும். நேபாளத் தளபதி கஹேந்திர ஷம்ஷேர் ராணாவின் பெயரில் அங்கேயே கையால் செய்தவை இவை. அதனால் இதை மார்ட்டினியின் நகல் என்று சொன்னது எங்கள் தவறு. மன்னிக்கவும். 2003-இல் காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிய பிறகுதான் இவை வெளியே பரவலாகக் கிடைக்கத் தொடங்கின.

தேவநாகரி எழுத்து இருந்தாலே கஹேந்திரா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நேபாளம் போன பிரிட்டிஷ் மார்ட்டினிகளிலும் அந்த எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் பக்கவாட்டில் கிரீடமும், விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்துகளும், ஆண்டும் இருக்கும். பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த போலிகளிலும் கிரீடம் உண்டு. ஆனால் எழுத்துப்பிழை இருக்கும், சிலவற்றில் ஆங்கில 'என்' திரும்பியிருக்கும். விக்டோரியா ராணி இறந்தது 1901-இல். அதற்குப் பிந்தைய ஆண்டோடு வி.ஆர். இருந்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம்: கஹேந்திராவைச் சுடாதீர்கள். கைவேலை என்பதால் ஒன்றின் இரும்பு போல இன்னொன்றின் இரும்பு இருக்காது. அது சுவருக்கும் சேகரிப்புக்கும் உரியது.

எங்களிடம் வாங்கியவர்கள் கொண்டுவந்தால் இலவசமாகத் திறந்து பார்த்துச் சொல்கிறோம். மார்ட்டினி என்று நம்பி வாங்கியவர்கள் விரும்பினால் திருப்பித் தரலாம், முழுப் பணமும் தருகிறோம். அதுவரை தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். தேய்த்தால் முதலில் அழிவது பொறித்த எழுத்துகள்தான்.

அன்புடன்,
கடையிலிருந்து