எழுதத் தெரியாதவர்களா நாங்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரக் கல்வி இணைப்பிதழில் அறிவியல் ஆய்வுக்கு நிதி பெறுவது எப்படி என்றொரு கட்டுரை வந்திருந்தது. ‘கல்லூரி ஆசிரியர்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரிவதில்லை, அதனால்தான் நிதி ஐ.ஐ.டி.களுக்குப் போகிறது’ என்று அதில் ஒரு வரி. போகிற போக்கில் அதை எழுதிவிட்டு, கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. காவிரிப் படுகையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிப்பவள் நான். தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எளிய நடையில் எழுதுங்கள், தலைப்பைக் கவர்ச்சியாக வையுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல் பாருங்கள் என்பவைதான் கட்டுரை தந்த யோசனைகள். இவை எதுவும் தப்பில்லை. ஆனால் முனைவர் பட்டம் வாங்கி, ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு, மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துகிறவர்களுக்கு இதையா சொல்வது? நிபுணர் குழு ஒரு விண்ணப்பத்தில் எதைத் தேடுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால் அதை எழுதியிருப்பார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் துறையின் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவர் வயல் நண்டைப் பற்றி விண்ணப்பம் தயாரித்தார். ஓசியோடெல்புசா செனெக்ஸ் என்று பாடப்புத்தகத்தில் வருமே, நம் வரப்பில் வளை தோண்டும் அதே நண்டு. ‘டெல்டா வயல் நண்டுகளின் பல்லுயிர்த்தன்மை: ஓர் ஆய்வு’ என்பது அவர் முதலில் வைத்த தலைப்பு. இப்படி ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு மூன்று வருடம் வேலை பார்க்கலாம். முடிவில் எது தெரிந்தது, எது பொய்த்தது என்று யாரும் கேட்க முடியாது. மதிப்பீட்டாளர் கேட்பது அதைத்தான். இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். தண்டு துளைப்பான் புழுவுக்காக அடிக்கும் குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து, வயலில் கட்டி நிற்கும் தண்ணீரில் எந்த அளவைத் தாண்டினால் நண்டின் நரம்பு இயங்கத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குகிறது? மருந்தடித்து எத்தனை நாளில் அந்த நொதி மீள்கிறது? கேள்வி இப்படி அமைந்ததும் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. மருந்தடித்த வயல் எத்தனை, அடிக்காத வயல் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை நண்டு, எந்தப் புள்ளியியல் சோதனை என்று ஒவ்வொன்றாக எழுத முடிந்தது.

நொதியை அளக்க 1961இல் எல்மன் என்ற விஞ்ஞானி தந்த நிறமாற்ற முறை போதும். அதற்கு வேண்டிய, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறது. மருந்தின் எச்சத்தை அளக்கத்தான், வேதிப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் விலை உயர்ந்த ஜி.சி.எம்.எஸ். கருவி வேண்டும். அதை வாங்கித் தாருங்கள் என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சைஃப்’ கருவி மையத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். அதனால் மாதிரிக்கு இவ்வளவு, மொத்தம் இத்தனை மாதிரி, ஆக இவ்வளவு என்று கணக்கு எழுதினோம். ‘கெமிக்கல்ஸ் 5 லட்சம்’ என்று ஒற்றை வரி எழுதுகிற விண்ணப்பத்தை எந்த நிபுணரும் நம்பமாட்டார். எதற்கு, எத்தனை புட்டி, எந்த வருடம் என்று பிரித்துக் காட்டினால்தான் இவருக்கு வேலை தெரியும் என்று நினைப்பார்.

கால அட்டவணையையும் சொல்லியாக வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்தால்தான் குறுவை. எல்லா வருடமும் அப்படித் திறப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அது தங்கள் முதல் பக்கச் செய்தி. ஆகவே திறப்பு தள்ளிப்போனால் போர்வெல் பாசனத்தில் முன்கூட்டியே நடவு செய்யும் வயல்களில் ஆய்வைத் தொடங்குவோம் என்று மாற்று ஏற்பாட்டையும் எழுதினோம். டெல்டாவில் வாழ்கிறவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வரி அது. அவருக்கா எழுதத் தெரியாது?

அந்த விண்ணப்பம் தேர்வாகவில்லை. கேள்வியையோ முறையையோ மதிப்பீட்டுக் குறிப்பு குறை சொல்லவில்லை. முன்தரவு, அதாவது விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துக் காட்ட வேண்டிய தொடக்கத் தரவு போதாது, நிறுவனத்தில் ஆய்வு வசதி போதாது என்ற இரண்டுதான் காரணம். முன்தரவு எடுக்கப் பணம் வேண்டும். பணம் கேட்டால் முன்தரவு எங்கே என்கிறார்கள். முன்பெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘மைனர் புராஜெக்ட்’ என்று ஒரு சிறு ஆய்வு நிதித் திட்டம் இருந்தது. அக்குழுவின் ஹைதராபாத் மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்புவோம். தொகை சிறியதுதான். ஆனால் கல்லூரி ஆசிரியர் முதல் தரவை எடுக்க, முதல் கட்டுரையை வெளியிட, அந்தப் பணம்தான் கை கொடுத்தது. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தோடு அந்த வழி அடைபட்டது. அப்போது தங்கள் நாளிதழில் அதைப் பற்றி ஒரு பத்திகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

விண்ணப்பத்தோடு கல்லூரித் தலைமையின் ஒப்புதல் சான்று இணைக்க வேண்டும். இணையதளம் மூட இன்னும் சில மணி நேரமே இருந்த ஒரு பிற்பகலில், அச்சடித்த அந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்த இளைஞர் முதல்வர் அறை வாசலில் நின்றார். உள்ளே கூட்டம். அலுவலகத்தில் ஒருவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ‘இதனால் காலேஜுக்கு என்ன சார் கிடைக்கும்?’ என்று கேட்டார். நிறுவனத்துக்கென்று தனியே மேல்செலவுத் தொகை உண்டு என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் தாள் உள்ளே போனது. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி. அதற்கு மேல் தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது கோப்புப் பணி. இவற்றுக்கு நடுவே இரவில் உட்கார்ந்து எழுதுகிறவரைப் பார்த்துத்தான் எழுதத் தெரியவில்லை என்கிறீர்கள்.

அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாக இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். ‘நெட்’ என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர்கள், முனைவர் பட்டம் பெற்றவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பெரும்பாலான திட்டங்களில் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்க நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். எத்தனை நன்றாக எழுதினாலும் அவர்கள் விண்ணப்பம் உள்ளேயே போகாது. கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நிதி கிடைத்தவர்கள் படும் பாட்டையும் கேளுங்கள். எனக்கு ஒருமுறை கிடைத்தது. இரண்டாம் ஆண்டுப் பணம் வரத் தாமதமானது. செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் உரிய காலத்தில் அனுப்பியும் வரவில்லை. இளநிலை ஆய்வாளராக இருந்த மாணவிக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை கொடுக்க முடியவில்லை. விவசாயக் கூலி வீட்டுப் பெண். வீட்டில் கேட்கிறார்கள் மேடம் என்று சொல்லிவிட்டு ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குப் போய்விட்டாள். இன்று இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023இல் உயர்த்தியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. மாதா மாதம் அது கைக்கு வருகிறதா என்று தங்கள் நிருபர் யாராவது ஒரு ஆய்வகத்தில் போய்க் கேட்டதுண்டா?

ஆய்வுக்கு நிதி வழங்கும் மத்திய அமைப்பான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் 2023இல் வந்தபோது ‘ஆய்வுக்கு 50,000 கோடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். ஐந்தாண்டுக்கான அந்தத் தொகையில் மத்திய அரசின் பங்கு 14,000 கோடி. மீதி தனியார் போன்ற பிற வழிகளில் வர வேண்டும். இந்தப் பிரிப்பைத் தலைப்பில் போடாவிட்டாலும் உள்ளேயாவது போட்டிருக்கலாம். அதைப் படித்துவிட்டு, ‘இவ்வளவு பணம் வருகிறதே, நீங்கள் ஏன் ஒரு திட்டம்கூடக் கொண்டுவரவில்லை’ என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த அவமானத்துக்கு மேல் இப்போது இந்த வரி.

இந்த அறக்கட்டளைக்கு முன் இருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் என்றே ‘ஷ்யூர்’ என்றொரு திட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்கு 30 லட்சம் வரை. எங்களைப் போன்றவர்களுக்கென்றே வந்தது. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி தங்கள் கல்வி இணைப்பில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறு அழைப்புகள் சில வந்ததுண்டு. கடைசித் தேதிக்கு முந்தைய நாளோ, முடிந்த பிறகோ. நீட், ஜே.இ.இ. தேதிகளை ஒரு நாளும் தவறாமல் போடுகிற நாளிதழ் இது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். ஆய்வு நிதி அழைப்புகள் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும், யார் விண்ணப்பிக்கலாம் என்பதையும் கல்வி இணைப்பில் மாதம் ஒருமுறை ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். அதோடு, மாநிலக் கல்லூரி ஒன்றிலிருந்து நிதி பெற்ற ஒருவரின் அனுமதியோடு, அவர் விண்ணப்பத்தின் நோக்கப் பகுதியையும் செலவுக் கணக்கையும் அப்படியே ஒருமுறை அச்சிடுங்கள். இளையவர்களுக்கு அது உதவும். அந்த வரிக்கு மறுப்போ திருத்தமோ போடுவது தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
விலங்கியல் இணைப் பேராசிரியை,
திருவாரூர் மாவட்டம்.