ஹூஸ்டன் வேலை குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டெக்சாஸின் ஹூஸ்டனில், தீவிர சிகிச்சைப் பிரிவில் புது நர்ஸ்களுக்குத் தரும் பயிற்சி வேலை, அதாவது ஐசியூ நர்ஸ் ரெசிடென்சி, உனக்குக் கிடைத்திருக்கிறது என்பதைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். நீயே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் நீ தேறியபோது லிவர்மோர் கோயிலில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த உன் அம்மா, இந்தச் செய்தியை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதைப் பார்த்தபோது, உங்கள் இருவருக்குள்ளும் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு நானும் கேட்காமல் இருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் தர வேண்டும் என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதிதாகச் சேருபவர்களைப் பெரும்பாலும் இரவுப் பணியில்தான் போடுவார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்துவிட்டுக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு நீ காரோட்டி வீடு திரும்புவதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே, போவதென்று முடிவெடுத்தால், மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடத்தை ஒட்டியே வீடு பார். அந்த ரயில் மருத்துவமனைகள் நிறைந்த டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் வழியாகவே செல்கிறது. வாடகை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் வாடகையைப் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிதாகத் தோன்றாது. கீழ்த்தளத்தில் மட்டும் எடுக்காதே. 2017இல் ஹார்வி புயலின்போது அந்த ஊர் எப்படி மிதந்தது என்பதை நாம் சேர்ந்துதான் தொலைக்காட்சியில் பார்த்தோம். புயல் வந்தால் ஒரு குழுவினர் நாள்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கிப் பணிபுரிய வேண்டியிருக்கும் என்பதால், முதல் ஆண்டிலேயே உன்னை அந்தக் குழுவில் சேர்ப்பார்களா என்றும் கேட்டுக்கொள்.

இதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை வேறு சில. உடனிருந்து வேலை பழக்கும் ப்ரிசெப்டரோடு எத்தனை வாரம் இருப்பாய், அவர் ஒருவரேயா அல்லது ஷிஃப்டுக்கு ஒருவராக மாறுவார்களா, வென்டிலேட்டரிலும் தாழ்ந்த ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துகளிலும் உள்ள நோயாளியைத் தனியாக எப்போது ஒப்படைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கு. கலிபோர்னியாவில் ஐசியூ நர்ஸ் ஒருவருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் தரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டெக்சாஸ் சட்டத்தில் அப்படி எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆள் குறைந்த நாளில் மூன்று பேரை ஒப்படைப்பது அங்கே வழக்கமா என்று மேலாளரிடம் கேட்பதோடு நிற்காமல், அந்தப் பிரிவில் சென்ற ஆண்டு சேர்ந்த ஒருவரிடமும் கேள். ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டு முடிவதற்குள் விலகினால் எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும், அந்தத் தொகை மாதத்துக்கு மாதம் குறையுமா, குடும்பத்தில் அவசரம் என்று வர நேர்ந்தாலும் கட்ட வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்வியை ஏன் சேர்த்தேன் என்பது உனக்குப் புரியும். நம் வீட்டருகே உள்ள டயாலிசிஸ் சென்டரில் நீ வேலைக்கு விண்ணப்பித்திருப்பதும் எனக்குத் தெரியும். அது நல்ல வேலை. அங்கே உள்ள நர்ஸ்கள் உன் அம்மாவை எவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் கூட இருந்து பார்ப்பவன் நான். ஆனால் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஐசியூவுக்குப் போய்வந்த நாட்களில், சோர்ந்து வந்தாலும் நீ பேசிய பேச்சில் இருந்த தெளிவை நான் கேட்டிருக்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும் அனஸ்தீசியா நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்றும் அப்போது சொன்னாய். அதற்குக் குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சை அனுபவம் வேண்டும். டயாலிசிஸ் சென்டர் அனுபவத்தை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதே சமயம், ரத்த அழுத்தம் தாழ்ந்து சாதாரண டயாலிசிஸைத் தாங்க முடியாத நோயாளிக்கு இரவு பகலாக ஓடும் டயாலிசிஸ் இயந்திரத்தைக் கவனிப்பவர் ஐசியூ நர்ஸ்தான். அம்மாவின் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது உன் எண்ணமானால், அந்த அறிவு ஹூஸ்டனிலும் உனக்குக் கிடைக்கும்.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் சென்டரின் காத்திருப்பு அறையில் அமர்ந்தே வேலை செய்ய அலுவலகத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அம்மாவை யார் அழைத்துப் போவது என்ற கேள்வி இந்த வீட்டில் இப்போது இல்லை. அதை நீ கணக்கில் வைத்திருக்க மாட்டாய் என்று நம்பிக்கொண்டுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். வைத்திருக்கிறாய் என்றே இப்போது தோன்றுகிறது. நீ அருகில் இருந்தால் எனக்கு நிம்மதிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் என் நிம்மதிக்காகவோ அம்மாவின் ஊசிக்காகவோ இந்த வாய்ப்பை நீ விடுவதை நாங்கள் இருவருமே விரும்பவில்லை. அம்மா இதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள், கேட்டால் அழுவாள். அந்த அழுகையைப் போகாதே என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

போனால் திரும்ப முடியாதோ என்றும் தயங்க வேண்டாம். கலிபோர்னியா, ஒரே நர்ஸ் உரிமத்தோடு பல மாநிலங்களில் வேலை செய்ய வழிசெய்யும் பல மாநில உரிம ஒப்பந்தத்தில் சேராத மாநிலம் என்பதால் டெக்சாஸ் உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்குள்ள உரிமத்தையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வை. இங்கே ஐசியூ விளம்பரங்கள் பெரும்பாலும் அனுபவம் கேட்பவைதான். இரண்டு ஆண்டு கழித்து அந்த அனுபவம் உன்னிடம் இருக்கும். ஒருவேளை ப்ரிசெப்டர் வாரங்களை எழுத்தில் தர மறுத்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல். கலிபோர்னியாவிலேயே ஃபிரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் சேர்ந்து தேடுவோம்.

ஒப்பந்தத்தை வியாழன் இரவுக்குள் எனக்கு அனுப்பு. பணம் திருப்பித் தருவது பற்றிய பகுதியைப் பெரியம்மா மகனிடமும் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். வீடு பார்க்கும்போது ரயில் தடத்தை மறந்துவிடாதே. இரவுப் பணி முடிந்து கண் சொக்கினால், மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
அப்பா