எந்த மாதம் என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறைக்கு வெளிநாட்டுக் கடற்கரைகள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். மாலத்தீவு, பெந்தோட்டை, பாலி, புக்கெட். படங்கள் கண்ணைப் பறித்தன, அதில் குறையில்லை. ஆனால் எந்த மாதம் போக வேண்டும், போய் இறங்கிய பிறகு இன்னும் எவ்வளவு கறப்பார்கள், அங்கே கடலில் கால் வைக்க முடியுமா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த பிறகு இந்த மாதிரி இடங்களில் கொஞ்சம் சுற்றியவர்கள். சில ஊர்களில் இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாமே என்று இருந்தது, சில ஊர்களில் எப்போதடா மதுரைக்கு விமானம் ஏறுவோம் என்று இருந்தது. அந்த வித்தியாசத்துக்கு ஓட்டல் காரணமில்லை, பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்கள்தான் காரணம்.

இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பதால் நம் ஊர்க்காரர்கள் சுலபமாகக் கிளம்புகிறார்கள். எங்களை அனுப்பிய டிராவல்ஸ்காரர் ஜூன் மாதத்துக்கு பெந்தோட்டையில் பாதி விலையில் ரிசார்ட் கிடைக்கிறது என்றார். போனால் கரை முழுக்க சிவப்புக் கொடி. அலை சுவர் மாதிரி எழும்பி வருகிறது, ரூமில் படுத்தால் ராத்திரி பூராவும் இரைச்சல். தென்மேற்குப் பருவக்காற்று நேரே மோதுகிற கரை அது, மே முதல் செப்டம்பர் வரை அப்படித்தான் இருக்கும். நம் ஊரில் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்றேதான். அதே மாதங்களில் அதே தீவின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடல் சாதுவாக இருக்கிறது. பிறகு ஒரு முறை அங்கே போனோம். முழங்கால் ஆழத்தில் மணிக்கணக்கில் நின்றேன், படகில் புறாத்தீவுக்குப் போய் மீன்களைப் பார்த்தோம், கோணேசர் கோயிலுக்கும் போனோம், வழி கேட்பதிலிருந்து வாடகைக்குப் பேரம் பேசுவது வரைக்கும் தமிழிலேயே காரியம் நடந்தது. பெந்தோட்டைக்கு நல்ல காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. விற்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும், அதனால்தான் பாதி விலை.

மாலத்தீவு விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே இன்னும் தீர்ப்பு வரவில்லை. அவர் ரிசார்ட் கட்சி, நான் எதிர்க்கட்சி. அங்கே ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரே ரிசார்ட்தான், வெளியே போய் ஒரு டீ குடிக்க வழியில்லை. விளம்பரத்தில் போடுகிற வாடகைக்குப் பக்கத்தில் சின்னதாக ரெண்டு பிளஸ் குறி இருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் சுற்றுலா வரி, அதுவும் 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். 100 டாலர் சாப்பாடு பில்லில் கிட்டத்தட்ட 129 ஆகிவிடுகிறது. இது போக பசுமை வரி என்று ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். தூரத் தீவு என்றால் கடல் விமானம், அது தனிக் காசு, ஆளுக்குப் போக வர நூற்றுக்கணக்கான டாலர். அந்த விமானம் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பறக்கும், நீங்கள் சாயங்காலம் கழித்துப் போய் இறங்கினால் அன்றைக்கு ராத்திரி தலைநகர்ப் பக்கமே ரூம் எடுத்துத் தங்க வேண்டியதுதான். இதெல்லாம் ரகசியமில்லை, கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

ரிசார்ட்டில் என் வீட்டுக்காரருக்குக் குறை ஒன்றுமில்லை. சாய்வு நாற்காலி, மூன்று வேளையும் பஃபே, கட்டில் பக்கத்திலேயே கடல். எனக்கு ரெண்டாம் நாளே அலுத்துவிட்டது. நீச்சல் குளத்தில் காட்டன் சுடிதாரோடு இறங்கக் கூடாது என்று மரியாதையாகத் தடுத்துவிட்டார்கள், அது அவர்கள் விதி, சரி. இன்னொரு தடவை மாஃபுஷி என்கிற, ஜனங்கள் குடியிருக்கிற தீவில் சாதாரண விருந்தினர் விடுதி ஒன்றில் தங்கினோம். அங்கே நிலைமை தலைகீழ். நீச்சலுடை போடுகிறவர்களுக்குத்தான் தனியாக ஒரு கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடத்தில் உள்ளூர்ப் பெண்கள் உடம்பு மூடிய உடையோடேதான் கடலில் குளிக்கிறார்கள். நானும் சுடிதாரோடு அவர்கள் நடுவே ஆசை தீரக் குளித்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் மாஸ் ஹுனி என்று சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் பிசைந்து ரொட்டியோடு தருகிறார்கள், எனக்கு அது அந்த பஃபேயைவிட மேல். செலவும் ரிசார்ட்டுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் வெள்ளிக்கிழமை அரசுப் படகு ஓடாது, மது கிடையாது, இதெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும். அவருக்கு அந்த ரூம் பிடிக்கவில்லை, ஏ.சி. சத்தம் என்று இன்றைக்கும் சொல்வார்.

பாலிக்கு ஜனவரியில் போய் வந்தோம். கோயில்களும் வயல்களும் அருமை, கூட்டா கடற்கரை மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் ஆறு அடித்து வருவதும் கடல் திருப்பித் தள்ளுவதுமாகப் பிளாஸ்டிக் குப்பை கரையில் குவிகிறது, காலையில் வண்டி வைத்து அள்ளுகிறார்கள், மறுநாள் மறுபடியும். நுழைவதற்கே 2024 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு ஒன்றரை லட்சம் ருப்பியா வாங்குகிறார்கள். புக்கெட் நாங்கள் போனதில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்த, பாறைகள் சூழ்ந்த அந்தப் படம் மாயா பே, புக்கெட்டிலிருந்து படகில் போகிற பீபீ தீவுகளில் இருக்கிற சின்ன விரிகுடா. கூட்டம் தாங்காமல் பவளப்பாறை நாசமாகி 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள், திறந்திருக்கும்போதும் அங்கே நீந்தக் கூடாது. படத்துக்குக் கீழே இதைப் போட எவ்வளவு இடம் ஆகிவிடும்?

எங்களுக்குள் சண்டையில்லாமல் ரெண்டு பேருக்கும் பிடித்தது அந்தமான். ஹேவ்லாக், இப்போது பெயர் சுவராஜ் தீவு, அங்கே ராதாநகர் கடற்கரை. 2020-இல் நீலக்கொடி, அதாவது சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேசச் சான்று, வாங்கிய இடம். உடை மாற்ற அறை, சுத்தமான கழிப்பறை, விசிலோடு உயிர்காப்பாளர், எல்லாம் பொதுமக்களுக்கு. பக்கத்து நீல்ஸ் கோவ் பகுதியில் முதலை எச்சரிக்கை உண்டு, அதைப் பலகை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் அங்கே பொழுது சாய்ந்துவிடும், நம் ஊர்க் கணக்கில் ஆற அமரக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். நாங்கள் தங்கியது மின்விசிறி வைத்த சாதாரண அறை. ரிசார்ட்டே பிடிக்கும் என்கிற மனுஷர் அங்கே தினமும் தண்ணீரில்தான் கிடந்தார்.

இதையெல்லாம் எழுதுவதற்கு இன்னொரு காரணம் நம் பக்கத்துக் கடல். மதுரையிலிருந்து காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்புகிற மாதிரி அரியமான் இருக்கிறது, தனுஷ்கோடி இருக்கிறது. ராமேஸ்வரத்து மீனவர்களைக் கேளுங்கள், பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள், எந்தக் காற்றில் எது சீறும் என்று மாதக் கணக்கோடு சொல்வார்கள். 2017-இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதிலிருந்து வேன் வேனாகக் கூட்டம் போகிறது, பிள்ளைகள் ஆண் கடல் பக்கமும் இறங்குகிறார்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற பட்டைதான் பல சமயம் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம், அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல் கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கேரளத்துக் கோவளத்தில் ஓர் உயிர்காப்பாளர் மணலில் கோடு போட்டுக் காட்டித்தான் எங்களுக்கே இது தெரியும். சென்னை பக்கத்துக் கோவளத்துக்கு 2021-இல் நீலக்கொடி கிடைத்ததே, அந்த வசதிகள் தென்மாவட்டத்துக்கும் வேண்டும். இங்கே கடற்கரை மேம்பாடு என்று பேச்சு வந்தாலே ரிசார்ட், வாட்டர் ஸ்போர்ட்ஸ் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பெண்கள் ஈரத் துணி மாற்ற ஒரு அறை, தண்ணீர் வருகிற கழிப்பறை, கொடி, விசில், இவை முதலில் வரட்டும்.

அடுத்த தடவை சுற்றுலாப் பக்கம் போடும்போது ஒவ்வோர் ஊருக்கும் கீழே எந்த மாதம் போகலாம், எந்த மாதம் கடலில் இறங்க முடியாது, அறை வாடகைக்கு மேல் என்னென்ன கட்ட வேண்டும் என்று மூன்று வரி போட்டுவிடுங்கள். அப்படியே பள்ளி விடுமுறை தொடங்கும் முன்னால் உங்கள் ராமநாதபுரம் நிருபரை அரியமானுக்கும் அரிச்சல்முனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி, கூட்டம் இருக்கும் நேரத்தில் அங்கே உயிர்காப்பாளர் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.