அடுத்த வசனம் தெரியாதவர்களும் அரங்கில் இருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபாக்களில் செல்போன் அலறுவதையும், பாட்டு நடக்கும்போதே கேன்டீனுக்கு எழுந்து போவதையும் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் பக்கத்தில் படித்தேன். அவர் சொன்ன குறைகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் கடைசியில், "அமெரிக்காவில் எல்லாம் நாடகம் நடக்கும்போது மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது, அவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று முடித்திருந்தார். 21 வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே நான் பார்த்தது அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி கேவின் கிரீல் என்ற நடிகர் 48 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். பிராட்வே என்று சொல்கிற நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் நடித்தவர். நான் சொல்லப்போகும் நாடகத்தில் அவர் இளவரசனாக நடித்தார். செய்தியைப் படித்ததிலிருந்து அந்த ராத்திரி மனதை விட்டுப் போகவில்லை.

நாடகத்தின் பெயர் 'இன்டூ தி வுட்ஸ்'. ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் பாட்டும் இசையும், ஜேம்ஸ் லப்பைன் கதையும் வசனமும். 1987இல் முதலில் பிராட்வேயில் வந்தது. சிண்ட்ரெல்லா, ரப்புன்செல், சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமி, அவரைக்கொடி ஏறும் ஜாக் எல்லோரும் ஒரே காட்டுக்குள் வந்து சேருவார்கள். அவர்கள் நடுவில், குழந்தை இல்லாத ஒரு ரொட்டிக்காரரும் அவர் மனைவியும். பக்கத்து வீட்டுச் சூனியக்காரி போட்ட சாபம் நீங்க, மூன்று நள்ளிரவு முடிவதற்குள் நான்கு பொருட்களைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பால் போல வெள்ளைப் பசு, ரத்தச் சிவப்பில் ஓர் அங்கி, சோளக்கதிர் நிறத்தில் கூந்தல், தங்கம் போன்ற ஒரு செருப்பு.

இந்தக் கதை எனக்கு மனப்பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் இதைப் போட்டார்கள், அவள் ஜாக்கின் அம்மா. அவளுடைய ஏப்ரனை நான்தான் தைத்தேன். ஒரு மாதம் வீட்டில் சமையலறை முழுக்க இந்த வசனங்கள்தான். எல்லோருக்கும் நினைத்தது கிடைத்து, எல்லோரும் சேர்ந்து பாடி, திரை விழுந்துவிடும். பிள்ளைகளுக்காகச் சுருக்கிய அந்த வடிவம் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

2022இல் மறுபடி பிராட்வேக்கு வந்தது. மே மாதம் நியூயார்க் சிட்டி சென்டரில் இரண்டு வாரம் மட்டும் போட்டார்கள். அதற்குக் கிடைத்த வரவேற்பில் 44ஆம் தெருவில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் தியேட்டருக்கு மாற்றினார்கள். மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் முடித்து விடுமுறையில் இருந்தாள். "அம்மா, நாம ரெண்டு பேரும் போகணும்" என்றாள். ஜூலை மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, எடிசனில் ரயில் ஏறி, பென் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் பத்துத் தெரு நடந்து போனோம். பால்கனியில் பின்பக்கம் இடம். கிட்டத்தட்ட 1,700 பேர் உட்காரும் அரங்கில் காலி இடம் என்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

விளக்கு அணைந்ததுமே கூச்சல் தொடங்கிவிட்டது. ஒவ்வொருவர் மீது வெளிச்சம் விழும்போதும் ஓர் ஆரவாரம். ரொட்டிக்காரரின் மனைவியாக நடித்த சாரா பரெல்லிஸ் இங்கே பெரிய பாடகி. அவருக்கு எழுந்த சத்தத்தில் என் இருக்கையே அதிர்ந்தது. சூனியக்காரி பட்டீனா மில்லர், சிண்ட்ரெல்லாவாக ஃபிலிப்பா சூ, இளவரசர்களாக கேவின் கிரீலும் ஜோஷுவா ஹென்றியும், எல்லோருக்கும் அதே வரவேற்பு. ஆரம்பப் பாட்டு ஐந்தாறு பேர் பேச்சும் பாட்டுமாக ஒன்றின் வால் பிடித்து ஒன்று வரும்படி கட்டியது. இசை நிற்காது. இந்தப் பக்கம் கைதட்டல் அடங்குவதற்குள் அந்தப் பக்கம் நான்கு வரி போய்விடும்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. 2020 மார்ச் 12ஆம் தேதி மூடிய பிராட்வே கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் இருட்டிலேயே கிடந்தது. திறந்த சில மாதத்தில், 2021 நவம்பரில், சோண்ட்ஹைம் 91 வயதில் காலமானார். அந்த அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேராவது என் மகளைப் போலப் பள்ளிக்கூடத்தில் இந்த நாடகத்தில் நடித்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு அன்று நாடகம் பார்ப்பது மட்டும் அல்ல, ஒரு பெரியவருக்கு மரியாதை செய்ய வந்திருந்தார்கள். முதல் பத்து நிமிடம் நானும் கைவலிக்கத் தட்டினேன்.

அன்று கிடைத்த கைதட்டலில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பசுவுக்குக் கிடைத்ததுதான். பொம்மைப் பசு. கென்னடி கனகாவா என்ற கலைஞர் பக்கத்திலேயே நம் கண் முன்னால் நின்று அதை ஆட்டுகிறார், மறைந்துகொள்வதே இல்லை. ஜாக் அதை விற்கப் போகும்போது தலை மெல்லத் தொங்குகிறது, அவ்வளவுதான். தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அசைவு முழுவதும் முடிகிற வரை 1,700 பேரும் சும்மா இருந்தார்கள். அப்புறம்தான் தட்டினார்கள்.

மற்ற இடங்களில் அந்தப் பொறுமை இல்லை. எங்களுக்குப் பின்னால் ஐந்து இளைஞர்கள். ஒவ்வொரு வசனமும் அவர்களுக்குத் தெரியும். நடிகர் வாயைத் திறக்கும்போதே சிரித்துவிடுவார்கள். அவர்கள் சிரிப்பைக் கேட்டு அடுத்த வரிசையும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு அடியில் வசனம் போய்விடும். சிவப்பு அங்கிச் சிறுமியாக நடித்த ஜூலியா லெஸ்டர் அப்படி ஒரு சாமர்த்தியசாலி, ஒரு சாதாரண வரியைக்கூட யாரும் எதிர்பார்க்காத இடத்தில் உடைத்துப் பேசுகிறார். அதை ரசிக்க வேண்டும் என்றால் முதலில் அது காதில் விழ வேண்டும். முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இடம் காட்டும் பெண்மணி மூன்று முறை டார்ச்சோடு வந்து அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார், பாவம்.

முதல் பாதி எனக்குத் தெரிந்த கதை என்பதால் சமாளித்தேன். என் இடது பக்கம் ஒரு குடும்பம். எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, வீட்டில் தைத்த சிவப்பு அங்கி போட்டு வந்திருந்தாள். முதல் பாதி முடிந்ததும் அவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். "இன்னும் பாதி இருக்கிறது, உட்காருங்கள்" என்று என் மகள்தான் சொன்னாள். உண்மையில் நானும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன்.

இரண்டாம் பாதி வேறு உலகம். ஜாக் கொன்ற அரக்கனின் மனைவி பழிவாங்கக் கீழே இறங்கி வருகிறாள். ஊர் அழிகிறது. நமக்குப் பழகிய ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சிண்ட்ரெல்லாவின் இளவரசன் காட்டில் ரொட்டிக்காரரின் மனைவியைச் சந்திக்கிறான். அவளைக் கொஞ்ச நேரம் மயக்கிவிட்டு, போய்விடுகிறான். அவள் தனியாக நின்று, நடந்ததை எல்லாம் யோசித்து ஒரு பாட்டுப் பாடி, சரி, வீட்டுக்குப் போகலாம் என்று முடிவெடுத்துத் திரும்புகிறாள். அந்த நேரம் பார்த்து அரக்கியின் காலடி. அவள் செத்துப்போகிறாள்.

சாரா பரெல்லிஸ் அதைப் பாடிய விதம் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் அவர் மனதில் தோன்றுகிறது என்றே நமக்குப் படும். பாட்டு முடிந்ததும் பால்கனி எழுந்து நின்றது. விசில், கூச்சல், பெயரைச் சொல்லிக் கத்தல், ஒரு நிமிடத்துக்கு மேல் அடங்கவில்லை. அந்தச் சத்தம் ஓயுமுன்பே விளக்கு மாறியது, ஏதோ அதிர்ந்தது, அவர் மேடையில் இல்லை. எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்தேன். பக்கத்தில் அந்தக் குழந்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "அவங்க எங்கே போனாங்க?" என்று கேட்டாள். அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜாக் வந்து, அவள் இறந்துவிட்டாள் என்று ரொட்டிக்காரரிடம் சொன்ன பிறகுதான் மூன்று பேருக்கும் புரிந்தது. குழந்தை அங்கியின் தொப்பியை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

வாசகருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் நடக்கும். ராஜபார்ட் வந்து நின்றாலே விசில் பறக்கும். பாட்டுப் பிடித்துவிட்டால் மேடையேறி, சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு இறங்குவார்கள். ஆர்மோனியக்காரர் அதுவரை காத்திருப்பார். கொடுத்தவர் பெயரைச் சொல்லி பபூன் நன்றி சொல்வார். அமைதியான சபை இல்லை அது. ஆனால் அரிச்சந்திரனில் மயான காண்டம் தொடங்கிவிட்டால், சந்திரமதி பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு அழும்போது, கடலை விற்பவர்கூடக் கூவ மாட்டார், கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார். என் அப்பத்தாவுக்கு அந்த நாடகம் அடிமுதல் நுனிவரை தெரியும். வருடா வருடம் பார்ப்பார், வருடா வருடம் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்பது போல அழுவார். அடுத்து என்ன ஆகும் என்று நான் கேட்டால், "பேசாம பாரு ஆத்தா, அவளே சொல்லுவா" என்பார்.

அதனால் அமைதியைக் கற்றுக்கொள்ள நாம் நியூயார்க் வரை வர வேண்டாம். மார்கழிக் கச்சேரிகளும் நாடகங்களும் வரப்போகின்றன. அரங்க அறிவிப்பில் செல்போனை அணைக்கச் சொல்கிறவர்கள் இன்னொரு வரியும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்: இதை ஏற்கெனவே பார்த்தவர்கள், கேட்டவர்கள், தயவுசெய்து வசனமோ பாட்டோ முடிந்த பிறகு சிரியுங்கள், தட்டுங்கள். பக்கத்தில் முதல் தடவை கேட்கிற ஒருவர் இருப்பார். 'இன்டூ தி வுட்ஸ்' முடிவதே, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், என்ன சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிற பாட்டோடுதான். அந்தப் பாட்டுக்கும் நடுவிலேயே எழுந்து தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கேவின் கிரீல் பற்றிச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். அவர் அதில் இரண்டு வேடம், ஓநாயும் இளவரசனும். ஜோஷுவா ஹென்றியோடு சேர்ந்து இரண்டு இளவரசர்களும் தங்கள் காதல் வேதனையைப் போட்டி போட்டுப் பாடும் இடத்தில் அரங்கமே குலுங்கியது. அங்கே கூச்சல் போட்டது சரிதான், அந்தப் பாட்டு அதைக் கேட்கிறது. ஆனால் கடைசியில் ஓர் இடம் வருகிறது. தனக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று தெரிந்து சிண்ட்ரெல்லா அவனைக் கேட்கிறாள். அவன் ஒரே ஒரு வரி பதில் சொல்கிறான். அவன் வாயைத் திறந்ததுமே எங்கள் பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது, பால்கனி முழுவதும் பரவியது. வரி எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் தெரிந்தது. சிரிப்பு மூட்டுகிறவரின் முகம் இல்லை அது. தான் யார் என்பதை அந்த நிமிடம்தான் கண்டுபிடித்தவரின் முகம்.

திரும்பி வரும்போது ரயிலில் மகளிடம் கேட்டேன், அவர் அங்கே என்ன சொன்னார் என்று. "என்னை அழகாகப் பழகத்தான் வளர்த்தார்கள், உண்மையாக இருக்க வளர்க்கவில்லை" என்று சொல்வான் அம்மா என்றாள். அப்புறம் இருவரும் எடிசன் வரும் வரை அதிகம் பேசவில்லை.

அந்த நடிகர்கள் பாடியதை ஆல்பமாக வெளியிட்டார்கள், கிராமி விருதும் வாங்கியது. இந்த இரண்டு வாரமாகக் காரில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் குரல் வருகிறது, ஓநாயாகவும் இளவரசனாகவும். ஆனால் அந்த வரி பாட்டு இல்லை, பேச்சு. அதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்பது எனக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி