போத்தலில் இல்லாத மென்மையூட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரின் சுகாதாரப் பக்கத்தில், "மென்மையூட்டி கலந்த மினரல் வாட்டர் போத்தல்களைத் தோட்டப்புற மக்கள் விழிப்புணர்வின்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்" என்று ஒரு வரி. எழுதியவர் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வந்து பார்த்தாரா என்று கேட்கப் போவதில்லை. தோட்டம் என்றாலே குடி, கடன், விழிப்புணர்வின்மை. இந்த மூன்றுக்கும்தான் தங்கள் பத்திரிகையில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பழகிவிட்டது.

போத்தல் விஷயத்தைத்தான் விட மனமில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் வெளியே வேலை தேடிப் போனவர்களில் நானும் ஒருவன். ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸுக்குக் கலவை போடுவதுதான் என் வேலை. பிவிசி பிளாஸ்டிக் வரும்போது கோதுமை மாவு மாதிரி வெள்ளைத் தூளாக இருக்கும். மென்மையூட்டி சேர்க்காமல் செய்தால் சுவரில் அடிக்கும் விறைப்பான பைப்தான் வரும். வளைய வேண்டுமா, டிஓபி என்கிற மென்மையூட்டி எண்ணெயை ஊற்ற வேண்டும். 100 கிலோ தூளுக்கு 50 கிலோ, சில சரக்குக்கு அதற்கும் மேல். சூட்டில் சுற்றவிட்டால் அத்தனை எண்ணெயையும் தூள் குடித்துவிட்டு மறுபடி பொலபொலவென்று உதிரும். கையில் அள்ளினால் பிசுபிசுப்பே இருக்காது. ஆனால் எண்ணெய் உள்ளே போய் நிற்கிறதே தவிர, பிளாஸ்டிக்கோடு ரசாயனமாகச் சேர்வதில்லை. அதனால்தான் மெல்ல வெளியேறுகிறது.

மினரல் வாட்டர் போத்தல் பெட் பிளாஸ்டிக். அதற்கு மென்மையூட்டியே தேவையில்லை. தே தாரேக் கட்டிக் கொடுக்கும் பைக்கும் தேவையில்லை. தங்களுக்குத் தெரியாததா இது? "நவீன விஷம்" என்று வேறு எழுதியிருந்தார். 1870-இல் ஹயாட் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய செல்லுலாய்டு என்கிற பழைய பிளாஸ்டிக்கில் மென்மையூட்டி வேலையைச் செய்தது நாம் கோயிலில் ஏற்றுகிற சூடம், ஐயா.

பயப்பட வேண்டிய இடம் இல்லாமலா இருக்கிறது? எங்கள் ஊரில் சமையல் எண்ணெய் டின்னுக்குள் மீன் தொட்டிக்குப் போடும் வளைகிற பிவிசி டியூபை விட்டு இழுக்கிறார்கள். டிஓபி தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதை யாராவது எழுதினீர்களா? குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களில் டிஓபி 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே சட்டம் போட்டுவிட்டது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற, அமுக்கினால் குழைகிற பொம்மையை ஒரு நாள் பரிசோதனைக்கு அனுப்பிப் பாருங்களேன்.

செம்புக் கம்பிக்காகப் பழைய ஒயர்களைத் தோட்டத்து ஓரத்தில் போட்டு எரிக்கிறார்கள், பிவிசி எரிந்தால் அமில வாயு வரும், பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று முன்பே ஒரு கடிதம் எழுதினேன். படத்தோடு அனுப்பினேன். இடமில்லை போலிருக்கிறது. அந்த வாரம் ராசிபலன் இரண்டு பக்கம் வந்திருந்தது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் போத்தலைப் பற்றி நான்கு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். "தோட்டப்புற மக்கள்" என்பதையும் எடுத்துவிட்டால் மகிழ்ச்சி. அது முடியாதென்றால் போத்தலை மட்டுமாவது திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்