செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களுக்காக நம் பெரியவர்கள் தொடங்கிய இந்தச் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாமுக்கு நல்ல கூட்டம். கட்டட மேல்தளத்து ஒழுகல் சரிசெய்யப்பட்டது.

அடுத்து, டிசம்பர் 23 நினைவுநாள் கண்காட்சி. "அமெரிக்கப் போர் விமானப் படைக்கும் நம்ம சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1941 டிசம்பர் 23 காலை ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. பதுங்கு குழிகள் போதாது. சைரன் ஊதிய பிறகும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் ஏராளம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பிரோம் சாலையில் நடக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். அன்று ரங்கூனை அடுத்த மிங்கலடோன் விமானத் தளத்திலிருந்து எழும்பி எதிர்த்தவர்கள் இரண்டே பிரிவினர்: பஃபலோ விமானங்களோடு பிரிட்டிஷ் விமானப்படையின் 67-வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), அப்புறம், பின்னாளில் ஃப்ளையிங் டைகர்ஸ் என்று உலகமே அறிந்த அமெரிக்கத் தன்னார்வக் குழுவின் மூன்றாவது ஸ்குவாட்ரன்.

இந்தக் குழுவை உருவாக்கியவர் கிளேர் செனால்ட். அமெரிக்க ராணுவத்தில் ஓய்வு பெற்று, 1937 முதல் சீன அரசுக்கு ஆலோசகராக இருந்தவர். அமெரிக்கப் படைகளிலிருந்து ராஜினாமா செய்து வந்த விமானிகளுக்கு மாதம் 600 டாலரும் அதற்கு மேலும் சம்பளம். வீழ்த்தும் விமானம் ஒன்றுக்கு 500 டாலர். காசுக்கு வந்தவர்கள் என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். இருக்கட்டும். 23-ஆம் தேதி ரங்கூன் வானில் நீல் மார்ட்டினும் ஹென்றி கில்பர்ட்டும் உயிரை விட்டார்கள். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர்களுடைய பி-40 டோமஹாக் கனமான விமானம். ஜப்பானிய விமானத்தோடு வட்டமடித்துச் சண்டை போட்டால் தோற்றுவிடும். அதனால் பர்மாவின் டவுங்கூ நகரருகே மழைக்காலத்தில் செனால்ட் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: உயரத்திலிருந்து ஜோடியாகப் பாய், சுடு, நிற்காமல் கீழே போய்விடு. டிசம்பர் 25 அன்று ஜப்பானியர் மீண்டும் பெருங்கூட்டமாக வந்தபோது இந்த முறை பலித்தது. அமெரிக்க விமானி ஒருவரும் சாகவில்லை. அதன் பிறகு சில வாரங்களுக்குப் பகலில் பெரிய தாக்குதல் வரவில்லை. 1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுவதற்கு முன், பிப்ரவரி வரை நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் புறப்பட்டன. அந்த விமானிகள் காத்தது சீனாவுக்குச் சரக்கு போன பர்மா ரோட்டை, நமக்காக வரவில்லை. ஆனாலும் அந்த வாரங்கள் கிடைத்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. சம்பந்தம் அதுதான்.

அமெரிக்கத் தன்னார்வக் குழு மொத்தமாக வீழ்த்திய விமானங்கள் 296 என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்கள் 115 அளவில் இருக்கும் என்கிறார்கள். பெரிய எண்ணை மட்டும் போடச் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. இரண்டும் பேனரில் இருந்தன.

கண்காட்சிக்கு உறுப்பினர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. மாடி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனவர்களும் உண்டு. எனக்கு இது மிகவும் வருத்தம். ஆனால் தொண்ணூறு வயதைத் தாண்டிய நம் மூத்த அம்மா ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்தபடி வந்தார். சுறா வாய் வரைந்த டோமஹாக் படத்தின் முன் சற்று நின்றார். பிறகு ரங்கூன் வரைபடத்துக்குப் போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மொகல் தெருவிலிருந்து விரலை நகர்த்தித் தங்கள் வீடு இருந்த சந்தினைக் காட்டினார். கல்லூரி மாணவர் ஒருவர் அவர் பேசியதை முழுவதும் போனில் பதிவு செய்துவிட்டார். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிட்டன. பேனர் செலவில் ஒரு பகுதியைத் துணைத்தலைவரும் நானும் ஏற்றுக்கொண்டோம். குறையாகச் சொல்லவில்லை, பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். சந்தா பாக்கி அதிகம். மூன்று வருடமாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். பெயர் வாசிக்க விரும்பவில்லை.

தலைவர், பொருளாளர், நாற்காலி கொடுத்து உதவியவர், சமையல் குழு, மகளிர் அணி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கண்காட்சி விஷயங்களையும் பெரியவர்களின் நினைவுகளையும் சேர்த்து ஒரு சிறு நூல் போட வேண்டும். 1941-ஐக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மிடம் இன்னும் சிலரே இருக்கிறார்கள். அச்சுக்குப் பணம் வேண்டும், தட்டச்சுக்கு ஆள் வேண்டும், பெட்டிக்குள் கிடக்கும் ரங்கூன் போட்டோக்களும் கப்பல் டிக்கெட்டுகளும் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றாலும் மகிழ்ச்சியே; அவரும் இந்த வேலையைத் தொடர வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை. ஞாயிறு மாலைகளில் சங்க அறை திறந்திருக்கும். சந்தாவையும் அங்கேயே கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்